பெட்டிக்குள் அடங்கும் எண்கள்

சங்க நூல்களுள் பத்துப்பாட்டு என்பது ஒரு தொகை நூல் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன்கண் உள்ள பாட்டுகள் பத்து. 'பத்துப்பாட்டில் ஒரு பாட்டு எவ்வளவு நீளமுடையது?' என்று ஒருவர் உங்களை வினவினால் யாது விடை கூறுவீர்கள்? எளிய வினாப் போலத் தோன்றும் இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் அரிது. முல்லைப்பாட்டு 103 அடிகளில் முடிந்துவிடுகின்றது. மதுரைக்காஞ்சியோ 782 அடிகளாக நீண்டு செல்கின்றது. இவ்விரண்டினுக்கும் இடையே ஏனைய எட்டுப் பாட்டுகளும் பல்வேறு அளவினவாய் அமைந்துள்ளன. திருமுருகாற்றுப்படை 317 அடி; பொருநராற்றுப்படை 248; சிறுபாணாற்றுப்படை 269; பெரும்பாணாற்றுப்படை 500; நெடுநல்வாடை 188; குறிஞ்சிப்பாட்டு 261; பட்டினப்பாலை 301; மலைபடுகடாம் 583.

கணக்கில் வல்ல மாணவன் ஒருவன் உடனே இவற்றையெல்லாம் கூட்டுவான். கூட்டுத்தொகை 3552 ஆகும். அதனைப் பத்தால் வகுத்து, 'ஒரு பாட்டின் சராசரி நீளம் 355 அடி' என்று விடையும் கூறிவிடுவான். அவன் கணக்கிற் பிழையில்லை. ஆயினும் அவ்விடையைக் கொண்டு நூலை நோக்குங்கள். 355 அடியை ஒட்டிய நீளமுடைய பாட்டு அதில் ஒன்றேனும் உண்டா? இல்லை. பத்துப் பாட்டுகளுள் ஏழு பாட்டுகள் அச்சராசரியினும் குறுகியவை. மூன்றே மூன்று அதனினும் நெடியவை. அந்த மூன்று நெடும்பாட்டுகளும் சராசரியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. சராசரி பொய் கூறவில்லை. ஆனால், எண்கள் எங்கே நெருங்கி நிற்கின்றன, எங்கே விலகி நிற்கின்றன என்பதை அது நமக்குக் காட்டுவதில்லை. அதனைக் காட்டவல்ல எளிய படம் ஒன்று உண்டு. புள்ளியியலார் அதனைப் பெட்டி வரைபடம் என்பர். அதனை வரையும் முறையையும், வரைந்ததைப் படிக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

முதலில் செய்யவேண்டுவது எண்களை ஏறுவரிசையில் நிறுத்துதல். பலர் இதனைச் சிறு வேலையென்று கருதி விரைவர். பிழைகளுட் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. நம் பாட்டுகளை அவ்வாறு நிறுத்தினால், 103, 188, 248, 261, 269, 301, 317, 500, 583, 782 என வரும். எழுதியபின் பத்து எண்களும் உள்ளனவா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வரிசையின் இரு முனைகளையும் நோக்குக. 103 என்பது மிகச் சிறியது. 782 என்பது மிகப் பெரியது. நம் முன்னோர் நூல்களின் அளவைக் கூறுங்கால் சிற்றெல்லை, பேரெல்லை என்னும் சொற்களை வழங்கினர். அச்சொற்களையே நாமும் இங்கு வழங்குவோம். அடுத்து, வரிசையை நடுவே இரண்டாகப் பிரிக்கவேண்டும். பத்து எண்கள் உள்ளமையால் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையே பிளவு விழும். ஐந்தாம் எண் 269. ஆறாம் எண் 301. இவ்விரண்டின் சரிபாதி 285. இதுவே இடைநிலை அளவு. பாட்டுகளுள் பாதி இதனினும் குறுகியவை. மற்றைப் பாதி இதனினும் நெடியவை. எண்களின் தொகை ஒற்றைப்படையாக இருந்தால் இத்தகைய பிளவு தேவையில்லை. நடுவில் நிற்கும் எண்ணே இடைநிலையாகிவிடும்.

இப்பொழுது ஒவ்வொரு பாதிக்கும் நடுவெண்ணைத் தேடவேண்டும். கீழ்ப்பாதியில் 103, 188, 248, 261, 269 என்னும் ஐந்து எண்கள் உள்ளன. அவற்றின் நடுவெண் 248. இது முதற் கால்மானம் எனப்படும். மேற்பாதியில் 301, 317, 500, 583, 782 என்பன உள்ளன. அவற்றின் நடுவெண் 500. இது மூன்றாம் கால்மானம். இரண்டாம் கால்மானம் எங்கே என்று கேட்பீர்களாயின், இடைநிலையே அது. ஒற்றைப்படையான தொகையில் நடுவெண்ணை இரு பாதிகளிலும் சேர்ப்பதா, இரண்டிலும் விடுவதா என்பதில் ஆசிரியர்களிடையே வழக்கு வேறுபாடு உண்டு. எம்முறையைக் கொண்டாலும் விடையில் வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. ஒரு முறையைக் கொண்டால் இறுதிவரை அதனையே கைக்கொள்ளுதல் வேண்டும்.

சிற்றெல்லை 103, முதற் கால்மானம் 248, இடைநிலை 285, மூன்றாம் கால்மானம் 500, பேரெல்லை 782 ஆகிய ஐந்து எண்கள் நம் கையில் உள்ளன. இனி வரைபடத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் அடியில் கிடையாக ஒரு கோடு வரைந்து, ஒரு சென்டிமீட்டருக்கு 100 அடி என்னும் அளவில் 0 முதல் 800 வரை குறியுங்கள். எட்டுச் சென்டிமீட்டரில் பத்துப்பாட்டு முழுவதும் அடங்கிவிடும்! கோட்டிற்குச் சற்று மேலே, 248-க்கு நேராக ஒரு நிலைக்கோடும், 500-க்கு நேராக மற்றொரு நிலைக்கோடும் வரைந்து, அவற்றின் தலைகளையும் அடிகளையும் இணைத்தால் ஒரு பெட்டி உருவாகும். பெட்டியின் உயரம் உங்கள் விருப்பம். அதற்குப் பொருளொன்றும் இல்லை. பெட்டிக்குள்ளே 285-க்கு நேராக ஒரு குறுக்குச் சுவர் எழுப்புங்கள். பெட்டியின் இடச்சுவரிலிருந்து 103 வரையும், வலச்சுவரிலிருந்து 782 வரையும் மெல்லிய கோடுகளை இழுத்துவிடுங்கள். இருபுறமும் நீண்டு நிற்கும் இக்கோடுகளைப் பூனையின் மீசைக்கு ஒப்பிட்டு மீசைகள் என்றே வழங்குவர். படம் முடிந்தது.

வரைவது எளிது, படிப்பதிலேதான் கவனம் வேண்டும். படத்தில் நான்கு பகுதிகள் உள்ளன: இட மீசை, பெட்டியின் இடவறை, வலவறை, வல மீசை. ஒவ்வொரு பகுதியிலும் ஏறக்குறையக் கால்பங்கு எண்கள் அடங்கியுள்ளன. அகன்ற அறையிலும் கால்பங்கே. குறுகிய அறையிலும் கால்பங்கே. முதன்முதலாக இப்படத்தைக் காண்போர் பெரும்பாலும் இவ்விடத்தில் இடறி விழுகின்றனர். பெரிய அறையில் மிகுதியான எண்கள் இருக்கும் என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஓர் ஊரில் ஒரே அளவான மக்கள் சிறிய தெருவொன்றிலும் பெரிய தெருவொன்றிலும் குடியிருந்தால் எத்தெருவில் நெருக்கம் மிகும்? சிறிய தெருவிலன்றோ! நம் படத்தில் இடவறையின் அகலம் 37 அடிகளே. வலவறையின் அகலம் 215 அடிகள். ஆகவே 248 அடிக்கும் 285 அடிக்கும் இடையே பாட்டுகள் தோளோடு தோள் உரச நெருங்கி நிற்கின்றன என்றும், அதற்கு மேற்பட்ட பாட்டுகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கின்றன என்றும் படித்தல் வேண்டும். குறுக்குச் சுவர் பெட்டியின் நடுவில் நில்லாது இடப்புறம் ஒதுங்கியிருப்பதும், வல மீசை இட மீசையினும் நீண்டிருப்பதும் இதனையே கூறுகின்றன. சில நெடும்பாட்டுகள் வலப்புறம் வெகுதூரம் சென்றுள்ளன. சராசரி 355-ஆக உயர்ந்ததற்குக் காரணமும் அதுவே.

பெட்டியின் மொத்த அகலத்திற்கும் ஒரு பெயர் உண்டு. 500-லிருந்து 248-ஐக் கழித்தால் 252 வரும். இது கால்மான இடைவீச்சு எனப்படும். எண்களுள் நடுப்பாதி எவ்வளவு பரந்து கிடக்கின்றது என்பதை இஃது அளந்து காட்டும்.

இனி ஓர் ஐயம் எழலாம். பழைய நூல்கள் ஏடுகளில் எழுதப்பெற்று, பலர் கைகளாற் படியெடுக்கப்பெற்று வந்தவை. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு வெளியிடுவதற்கு முன்பு அந்நூலும் ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. படியெடுக்கும்போது கை தவறுதல் மனித இயல்பு. நம் பட்டியலைப் படியெடுத்த மாணவன் ஒருவன் மதுரைக்காஞ்சிக்கு நேராக 782 என்பதை 1782 என்று எழுதிவிட்டான் எனக் கொள்வோம். சராசரி என்னவாகும்? ஒரே பாய்ச்சலில் 355-லிருந்து 455-க்குத் தாவிவிடும். இடைநிலையோ 285-லேயே அசையாது நிற்கும். கால்மானங்களும் அவ்வாறே நிற்கும். பெட்டி ஒரு நூலளவும் நகராது. ஓர் எண்ணின் பிழைக்காகப் பத்து எண்களின் கதையையும் மாற்றிச் சொல்லாமை இப்பெட்டியின் பெருஞ்சிறப்பு.

ஆனால் 1782 என்னும் அவ்வெண்ணை என் செய்வது? மீசையை அதுவரை இழுத்துவிடுவதா? இதற்கெனப் புள்ளியியலார் வேலி ஒன்றை வகுத்துள்ளனர். கால்மான இடைவீச்சை ஒன்றரையாற் பெருக்குக. நம் எடுத்துக்காட்டில் 252-ஐ ஒன்றரையாற் பெருக்கினால் 378 வரும். அதனை மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் 878; இது மேல்வேலி. முதற் கால்மானத்திலிருந்து கழித்தால் கீழ்வேலி கிடைக்கும். இங்கு அது சுழியத்திற்கும் கீழே போய்விடுவதால், அவ்வேலியை யாரும் தாண்டமுடியாது. வேலிக்கு வெளியே நிற்கும் எண்ணை மீசையில் சேர்க்காமல் தனிப் புள்ளியாக வைப்பர். அதனை ஒதுங்கிய எண் எனலாம். மீசையும் வேலிவரை செல்வதில்லை; வேலிக்கு உட்பட்ட எண்களுள் கடைசியாக நிற்கும் எண்ணோடு அது நின்றுவிடும். பிழையான பட்டியலில் மீசை மலைபடுகடாத்தின் 583-ல் நிற்க, 1782 வெகுதூரத்தில் ஒற்றைப் புள்ளியாய்த் தோன்றும். பிழையற்ற பட்டியலிலோ மதுரைக்காஞ்சியின் 782, வேலியாகிய 878-க்கு உள்ளேயே இருக்கின்றது. மிக நெடிய பாட்டென்று நம் கண்ணுக்குப் பட்டாலும், இக்கூட்டத்தினின்றும் விலகிய பாட்டென்று அதனைக் கூறுவதற்கு இடமில்லை.

வேலிக்கு வெளியே ஒரு புள்ளி நின்றால் அதனை அழித்துவிடலாம் என்று யாரும் நினைக்கவேண்டா. 'நீ ஏன் அங்கே நிற்கிறாய்?' என்று அதனைக் கேட்பதற்கே வேலி. எழுதியவர் கைப்பிழையாக இருக்கலாம்; அளந்த கருவியின் குறையாக இருக்கலாம்; அன்றி, உண்மையிலேயே அரிய பொருளொன்று அங்கே நிற்கவும் கூடும்.

இப்படத்தை இன்றுள்ள உருவில் உலகறியச் செய்தவர் ஜான் டியூக்கி என்னும் அமெரிக்க அறிஞர். 1915-ஆம் ஆண்டில் பிறந்த இவர் முதலில் வேதியியல் பயின்று, பின்னர்க் கணிதத்திற்கும் அதன்வழிப் புள்ளியியலுக்கும் வந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றி, 2000-ஆம் ஆண்டில் மறைந்தார். இவருக்கு முன்பே மேரி எலினார் ஸ்பியர் என்னும் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனையொத்த பட்டைப்படம் ஒன்றைக் காட்டியிருந்தார். டியூக்கி 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வேலியையும் ஒதுங்கிய புள்ளிகளையும் சேர்த்து, காகிதமும் எழுதுகோலும் மட்டுமே கொண்டு எவரும் வரையத்தக்க எளிய கருவியாக இதனை ஆக்கித் தந்தார். எண்களைக் கண்டவுடன் கணக்கிடத் தொடங்காது, முதலில் அவற்றைக் கண்ணால் நன்றாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

பத்து எண்களுக்குப் பெட்டி வரைவது, உண்மையைக் கூறின், பயிற்சிக்காகவே. பத்து எண்களைப் பெட்டியின்றியும் பார்த்தறியலாம். நூற்றுக்கணக்கான எண்கள் திரண்டு வரும்போதும், பல கூட்டங்களை ஒப்புநோக்க வேண்டும்போதும் இதன் பயன் முழுதும் விளங்கும். குறுந்தொகைப் பாட்டுகளுக்குச் சிற்றெல்லை நான்கடி, பேரெல்லை எட்டடி. நற்றிணைக்கு ஒன்பதும் பன்னிரண்டும். அகநானூற்றுக்குப் பதின்மூன்றும் முப்பத்தொன்றும். இவை தொகுத்தோர் கொண்ட எல்லைகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நானூறு பாட்டுகள். இம்மூன்றினுக்கும் மூன்று பெட்டிகளை ஒரே அளவுகோலின்மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால், அவை படிக்கட்டுப்போல் ஒன்றையடுத்து ஒன்று ஏறிச்செல்லும். ஆனால் எல்லைகள் இரண்டும் நமக்கு மீசைகளின் முனைகளை மட்டுமே தருகின்றன. பெட்டி எங்கே தொடங்குகின்றது, நடுச்சுவர் எங்கே நிற்கின்றது என்பன பாட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாலன்றித் தெரியமாட்டா. வகுப்பிலுள்ள மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பாட்டாகப் பகிர்ந்துகொண்டால் ஒரு நாளில் குறுந்தொகை முழுவதையும் எண்ணிவிடலாம். எண்ணும்போது 307-ஆம் பாட்டையும் 391-ஆம் பாட்டையும் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அவை எட்டடி எல்லையைத் தாண்டி ஒன்பது அடியாக நிற்பவை. அவை நம் வேலிக்கும் வெளியே நிற்குமா என்பது நீங்கள் வரையும் பெட்டியைப் பொறுத்தது.

இனி, இப்பெட்டி எதனை மறைக்கும் என்பதையும் கூறாமல் விடலாகாது. இதற்கு டியூக்கியே தம் நூலில் எடுத்தாண்ட எண்கள் உள்ளன. அவை இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராலே பிரபு நிறுத்தறிந்த எடைகள்.

ராலே பிரபு நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியைத் துல்லியமாக அறிய விரும்பினார். ஒரே கண்ணாடிக் குடுவையை ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் அவ்வாயுவால் நிரப்பி, மீண்டும் மீண்டும் நிறுத்தார். வாயுவைப் பெற அவர் இருவழிகளைக் கையாண்டார். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் முதலியவற்றை நீக்கி எஞ்சியதைக் கொள்வது ஒரு வழி. நைட்ரஜன் அடங்கிய வேதிப்பொருள்களைச் சிதைத்து அதனைப் பிரித்தெடுப்பது மற்றொரு வழி. எவ்வழியிற் பெறினும் நைட்ரஜன் நைட்ரஜனே அன்றோ! எடையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆயின் அவ்வாறு இல்லை. வியப்புற்ற அவர் 1892-ஆம் ஆண்டிலேயே 'நேச்சர்' என்னும் இதழுக்குக் கடிதம் எழுதி, வேதியியலார் யாரேனும் காரணம் கூறவியலுமா என்று வினவினார்.

1893-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1894-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர் கண்ட பதினைந்து எடைகளை மில்லிகிராமுக்குத் திருத்தி வரிசைப்படுத்தினால், 2298, 2298, 2299, 2299, 2299, 2299, 2301, 2302 என்னும் எட்டும், அவற்றின்பின் 2310 என்பதே ஏழு முறையும் வரும். இவற்றுக்குப் பெட்டி வரைந்து பாருங்கள். முதற் கால்மானம் 2299. எட்டாவதாக நிற்கும் 2302 இடைநிலை. மூன்றாம் கால்மானம் 2310. பேரெல்லையும் 2310 ஆதலால் வலப்புறத்தில் மீசையே இல்லை. இடப்புறத்திலோ 2298 வரை ஒரு குட்டை மீசை. வேலிக்கு வெளியே புள்ளி எதுவும் இல்லை. பார்ப்பவர்க்குப் படம் ஒழுங்கான பெட்டியொன்றாகவே தோன்றும். பெட்டியின் நடுவே, 2302-க்கும் 2310-க்கும் இடையில், ஓர் எடையும் இல்லாத வெற்றிடம் கிடக்கின்றது என்பதை அது சொல்லவே சொல்லாது. சராசரியோ 2304 என்னும் எண்ணைத் தரும். அத்தகைய எடையை ராலே பிரபு ஒருமுறையும் கண்டதில்லை.

அதே எண்களை வாயு வந்த வழியால் இரண்டாகப் பிரித்து, இரண்டு பெட்டிகளாக வரையுங்கள். வேதிப்பொருள்களினின்று வந்த எட்டு எடைகளுக்கும் 2298.5 முதல் 2300 வரை ஒரு சிறு பெட்டி; அதன் மீசை 2302-ல் முடிந்துவிடும். காற்றிலிருந்து வந்த ஏழு எடைகளும் 2310-ல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் பெட்டி ஒடுங்கி ஒரு கோடாகவே ஆகிவிடும். இரண்டும் எங்கும் தொடவில்லை. இடையிலுள்ள வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்கு அளவே. வேறொருவராயின் நிறுத்தலில் நேர்ந்த தவறென்று தள்ளியிருப்பர். அவ்வாறு தள்ளுவதற்கு அவ்வெடைகள் இடந்தரவில்லை. காற்றிலிருந்து வந்தவை ஏழு முறையும் ஒரே இடத்தில் நின்றன.

வில்லியம் ராம்சே என்னும் வேதியியலாரும் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனோடு கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கனமான வாயு கலந்திருப்பது தெரியவந்தது. 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆக்ஸ்போர்டு நகரில் நடந்த அறிஞர் கூட்டத்தில் இருவரும் அதனை அறிவித்தனர். எப்பொருளோடும் எளிதிற் சேராத அதன் இயல்பு நோக்கிக் கிரேக்க மொழியில் சோம்பல் என்னும் பொருள்பட ஆர்கான் என்று அதற்குப் பெயரிட்டனர். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது கலந்துள்ளது. 1904-ஆம் ஆண்டில் ராலே பிரபு இயற்பியலுக்கும் ராம்சே வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர்.

ஹென்றி கேவண்டிஷ் என்பார் 1785-ஆம் ஆண்டிலேயே காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் நீக்கிப் பார்த்து, எவ்வளவு முயன்றும் போகாத சிறு குமிழி ஒன்று எஞ்சி நின்றதைக் குறித்து வைத்திருந்தார். முழுமையில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு அது மேற்படாது என்று அவர் மதிப்பிட்டார். அக்குறிப்பு நூறாண்டுகளுக்கு மேலாக நூலில் அப்படியே கிடந்தது.